பக்கத்தில் கறுப்பு, தூரத்தில் சாம்பல்

1

முதலில் இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். வேறு ஒரு கதையைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தது. 1981இல் சாமியார்களைப் பற்றி ஒரு நாவல் எழுதும் எண்ணத்தோடு திருவண்ணாமலைக்குப் போய், செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அப்பால் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். சாமியார்கள் என்னோடு பேசவில்லை. பேசிய ஒருவரும் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார். நாவல் முதல் அத்தியாயத்தோடு படுத்துவிட்டது.

கீழ்வீட்டில் சகாதேவன், கஸ்தூரி என்று புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். அவன் வேன் ஓட்டியவன். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சொந்தத்துக்குள் கல்யாணம், அவனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் சண்டை போடுவது என் ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும். எது கிட்டே இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு அதுவரை நான் கேட்டதில்லை. நாவலை மூடிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டேன்.

பின்னாளில் இருவரிடமும் அனுமதி கேட்டேன். சகாதேவன் சொன்னான்: "எழுதுங்க சார். ஆனா படிக்கறவன் ஐயோ பாவம்னு சொல்லக்கூடாது."

கஸ்தூரி சொன்னாள்: "என்னை ரொம்ப நல்லவளாவும் எழுதிடாதீங்க."

இரண்டு நிபந்தனைகளையும் காப்பாற்றியிருக்கிறேன். இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவிட்டு, வேனின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. கயிற்றின் முனையில் இருந்த இரும்புக் கொக்கி சகாதேவனின் இடது கண்ணை..."

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் படிக்கிறவர் தன் கண்ணை மூடிக்கொள்வார். கதையின் முதல் வரியிலேயே வாசகரைக் கண்மூட வைப்பது நல்ல உத்தி அல்ல. நடந்தது அதுதான்; இடது கண் போய்விட்டது. அதைச் சொல்லியாகிவிட்டது, நகர்வோம்.

(ஆ) "அன்று மலை..."

இந்த ஊரைப் பற்றிய எல்லாக் கதைகளும் மலையில்தான் தொடங்குகின்றன. அடித்துவிட்டேன். மலை எங்கும் போய்விடாது. தானே வரும்.

(இ) "கஸ்தூரி டீச்சர் கரும்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குன்றுகளை வரைந்துவிட்டு, இதில் எது முன்னாடி நிற்கிறது என்று எட்டாம் வகுப்புப் பெண்களைக் கேட்டாள்."

இது மோசமில்லை. ஆனால் கதை அவளிடம் தொடங்கவில்லை. மோரில் தொடங்கியது.

3

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அடுத்த வாரம் சகாதேவன் தானே மோர் ஊற்றிக் குடிக்கப் பார்த்தான். தம்ளர் எதிரில் இருந்தது. சொம்பைச் சாய்த்தான். மோர் முழுவதும் தம்ளருக்கு இந்தப் பக்கம் தரையில் விழுந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

கஸ்தூரி துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தொடைக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொல்லு" என்றான்.

"இன்னா சொல்றது?"

"குருடன்னு சொல்லேன்."

"குருடனுக்குத் தம்ளரே தெரியாது. உங்களுக்குத் தம்ளர் தெரியுது. அது எங்க இருக்குதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டான். வாசலில் இருக்கும் இரண்டு படியில் இறங்கும்போது காலால் துழாவுவான். எதிரில் சைக்கிள் வந்தால், அது போய்ச் சேரும்வரை சுவரோரம் நிற்பான். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டான். யாராவது கேட்டால் கண்ணில் தூசி என்பான். வேனைக் கஸ்தூரியின் தம்பி முருகையன் ஓட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டும் சத்தம் கேட்கும்போது சகாதேவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவன். ஓட்டுவதைத் தவிர வேறு எதிலும் தன்னை யாரும் மதித்ததில்லை என்று அவன் நம்பினான்.

ஒரு நாள் வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "எல்லாத்தையும் ஒரே தாள்ல வெட்டி ஒட்டின மாதிரி இருக்குது கஸ்தூரி. எதிர் வூட்டு ஜன்னல் கம்பி, அந்த மரம், மலை, எல்லாம் ஒரே எடத்துல நிக்குது."

அரிசி களைந்துகொண்டிருந்த கஸ்தூரியின் கை நின்றது. அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, இதே வார்த்தையை அவள் சொல்லியிருந்தாள்: எல்லாம் ஒரே எடத்துல நிக்குதே.

(இங்கே ஒரு குறிப்பு. பிறகு ஒரு கண் டாக்டரிடம் இதைக் கேட்டேன். இரண்டு கண் சேர்ந்து தூரம் அளப்பதெல்லாம் பக்கத்துச் சாமான்களுக்குத்தான் பெரிய உதவி, மலை அளவு தூரத்துக்கு ஒரு கண்ணும் ஒன்றுதான் இரண்டு கண்ணும் ஒன்றுதான் என்றார். அப்படியானால் மலை அவனுக்கு முன்பு தெரிந்த மாதிரியேதான் தெரிந்திருக்க வேண்டும். தம்ளரில் ஏமாந்த பயம் மலைவரைக்கும் போய்விட்டது என்று நினைக்கிறேன். பயத்துக்கு அவ்வளவு தூரம் போகக் கால் உண்டு.)

4

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைச் சமுத்திரம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். பலகை, டிராயிங் பேப்பர், மூன்று பென்சில், ஒரு ரப்பர். அவனுக்கு விருப்பமில்லை. வீட்டில் இருந்தால் முருகையன் வருவான், அதற்கு இது பரவாயில்லை என்று வந்தான்.

கரையில் ஒரு பனைமரம், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் மலை. கஸ்தூரி பென்சிலைக் கையில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலையை அளந்தாள்.

"இன்னாத்துக்குக் கண்ண மூடற?" அவன் குரல் கடுமையாக இருந்தது. தன்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தான்.

"படம் வரையறவங்க எல்லாரும் ஒரு கண்ண மூடிட்டுத்தான் பார்ப்போம் மாமா. ரெண்டையும் தொறந்து வச்சிக்கினு பார்த்தா பேப்பர்ல எறக்க முடியாது."

"பொய் சொல்ற."

"எங்க ஸ்கூல்ல வந்து பாருங்க. கிளாஸ்ல நாப்பது பொண்ணும் ஒத்தக் கண்ணோடதான் ஒக்காந்திருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அவள் முதலில் மெல்லிய கோட்டில் மூன்றையும் வரைந்தாள்: பனை, தண்ணீர், மலை. "இப்ப இது எப்படி இருக்குது?"

"எனக்குத் தெரியற மாதிரியே இருக்குது. ஒட்டின மாதிரி."

"சரி, பாருங்க." கறுப்புப் பென்சிலை எடுத்துப் பனையின் நிழல் பக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். வெயில் பட்ட பக்கத்தைத் தொடவே இல்லை. காகிதத்தின் வெள்ளையே அங்கே வெயிலாக இருந்தது. நிழல் பக்கத்தின் ஓரத்தில் சன்னமாக ஒரு வெளிச்சத்தை விட்டாள். மரம் உருண்டது. அடிமரத்திலிருந்து தரையில் ஒரு நிழலை இழுத்தாள். மரம் தரையில் ஊன்றி நின்றது. பிறகு மலைக்கு வந்தாள். அங்கே பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தடவி விரலால் தேய்த்தாள். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, வெறும் சாம்பல்.

மலை பின்னால் போனது. அவன் கண் முன்னால், காகிதத்துக்குள், மலை பின்னால் போனது.

"பக்கத்துல இருக்கறதுல கறுப்பு நல்ல கறுப்பு, வெள்ளை நல்ல வெள்ளை. ரெண்டும் சண்டை போடும். தூரம் போகப் போக ரெண்டும் சமாதானமாயிடும்" என்றாள் கஸ்தூரி.

"நீ பேப்பர்ல ஏமாத்தற."

"ஆமா. ஏமாத்தறதுக்கும் ஏமாறதுக்கும் ஒத்தக் கண்ணு போதும். இப்பப் பேப்பரை வுட்டுட்டு நெஜத்தைப் பாருங்க."

அவன் பார்த்தான். நிஜப் பனைமரத்தில் கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நிஜ மலை சாம்பல் பூத்துக் கிடந்தது. பிறகு பென்சிலுக்குக் கை நீட்டினான்.

அவன் வரைந்த முதல் படத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஒரே சாம்பல். பனையும் சாம்பல், ஏரியும் சாம்பல்.

"கறுப்புக்குப் பயப்படறீங்க" என்றாள் அவள்.

"தப்பாப் போச்சின்னா?"

"ரப்பர் இருக்குது."

அவன் அழுத்தினான். பென்சில் முனை முறிந்தது. சீவிக்கொண்டு மறுபடியும் அழுத்தினான். பனைமரம் காகிதத்தை விட்டு எழுந்து முன்னால் வந்தபோது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

5

இந்த இடத்தில் கஸ்தூரியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பொறுமையாக ஒருத்தி இருப்பாளா? முதல் பிரதியில் இன்னும் மோசமாக எழுதியிருந்தேன்: "அவன் படும் பாட்டைத் தானும் படவேண்டும் என்று கஸ்தூரி ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும்..."

படித்துக் காட்டியபோது அவள் நிறுத்தினாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் கட்டிக்கல. சமையல் யாரு பண்றது? எனக்கு அப்ப அவர் மேல கோவம்தான் ஜாஸ்தி. வூட்ல ஒக்காந்துக்கினு சுவத்தை மொறைக்கற மனுஷனை எத்தினி நாள் பார்க்கறது? எழுப்பி வெளிய தள்ளணும்னுதான் ஏரிக்குக் கூட்டிக்கினு போனேன்."

ஆகவே துணியை அவிழ்த்துவிட்டேன். கோபம் அவளுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஐந்தாறு மாதத்தில் சகாதேவன் தேறிவிட்டான். படிகளின் விளிம்பில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கினான். வெளிச்சமும் அதன் கீழே இருட்டும் இருந்தால் அங்கே ஒரு படி. தம்ளரின் நிழலைப் பார்த்து மோர் ஊற்றினான். சைக்கிள் ஓட்டினான். காலையும் சாயங்காலமும் அவனுக்கு நல்ல நேரங்கள். எல்லாப் பொருளும் தன் நிழலைக் காட்டிக்கொண்டு நின்றது. உச்சி வெயில்தான் எதிரி. நிழல்கள் காலடியில் ஒளிந்துகொள்ளும், ஊர் மறுபடியும் தாளாகிவிடும். அப்போது மட்டும் மெதுவாகப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தான். கறுப்பை அழுத்தப் பயம் போய்விட்டது. கஸ்தூரியின் பென்சில்களைவிட அவனுடையவை சீக்கிரம் தீர்ந்தன.

பிறகு ஐப்பசியில் ஒரு நாள் முருகையன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். கீழ்பென்னாத்தூர் மண்டியில் மூட்டைகள் காத்திருந்தன. சகாதேவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

மேலே என் ஜன்னலில் கேட்ட சண்டை இது. ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

"சாவியை வைங்க."

"நீதானே சொன்ன, ஒத்தக் கண்ணு போதும்னு."

"நா சொன்னது பேப்பருக்கு."

"பேப்பருக்குப் போதும்னா ரோட்டுக்குப் போதாதா? நா பார்க்கறது நெஜமா இல்லியா? நீ கத்துக்குடுத்தது நெஜமா இல்லியா?"

"பேப்பர்ல தப்பு வந்தா ரப்பர் இருக்குது மாமா."

பிறகு அவன் குரல் தாழ்ந்து வந்தது. "நா வண்டி ஓட்டறவன் கஸ்தூரி. அது இல்லன்னா நா யாரு?"

கதவு திறந்தது. எட்டிப் பார்த்தேன். அவன் வேனில் ஏறிவிட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ எதுக்கு?"

"உங்களுக்கு இடது பக்கம் தெரியாது இல்ல? அந்தப் பக்கம் நா ஒக்காந்துக்கறேன்."

6

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. சகாதேவன் சொன்னான், அவன் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

ஊரைத் தாண்டியதும் சாலை அவனிடம் வந்துவிட்டது. கியர் கைக்குப் பழகிய இடத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள். சாயங்கால வெயில் பின்னால் இடப்பக்கத்திலிருந்து வந்து, ஒவ்வொரு மரத்தின் நிழலையும் சாலையின் குறுக்கே சாய்த்துப் போட்டிருந்தது. நிழல், வெளிச்சம், நிழல், வெளிச்சம். கிட்டே இருந்த நிழல்கள் கறுத்து அகலமாக இருந்தன. போகப் போக நெருங்கி, வெளுத்து, சாலையோடு கலந்தன. இவ்வளவு தெளிவாக ஒரு சாலையை இரண்டு கண் இருந்தபோதுகூட அவன் பார்த்ததில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்குச் சரியாக ஒதுங்கினான். கஸ்தூரி கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"எப்படி?" என்றான்.

"ரோட்டைப் பாருங்க" என்றாள். ஆனால் அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

மேகம் வந்தது. ஐப்பசி மேகம், திரையை இழுத்துவிட்ட மாதிரி வெயிலை மூடியது. சாலையிலிருந்த நிழல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன.

எதிரில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. காய்ந்த மல்லாட்டைக் கொடி ஏற்றிய வண்டி. கொடியும் சாம்பல், சாலையும் சாம்பல், வானமும் சாம்பல். வண்டி இருப்பது தெரிந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அங்கே தொலைவில் இருக்கலாம். மூக்குக்கு நேரேயும் இருக்கலாம்.

கஸ்தூரி கத்தவில்லை. கத்தினால் அவன் கை நடுங்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டதாகச் சொன்னாள்.

சகாதேவன் பிரேக்கை அழுத்தினான். வேன் குலுங்கி நின்றது. இன்ஜினை அணைத்தான். ஸ்டீரிங்கில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இடிச்சிட்டனா?"

"இல்ல."

"எவ்ளோ தூரம் இருக்குது?"

"எறங்கிப் பாருங்க" என்றாள்.

இறங்கி நடந்தான். நடந்தான், இன்னும் நடந்தான். வண்டி வரவே மாட்டேன் என்றது. அவன் நிறுத்தியது வெகு தூரத்துக்கு முன்னால். நடுவில் இரண்டு லாரிகள் திரும்பலாம். வண்டிக்காரன் சடையன் என்பவன், சக்கரத்திலிருந்து கழன்றுவிட்ட கடையாணியைச் செருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாங்க, அம்மாந்தூரத்துலயே நிறுத்திட்டீங்க? வண்டி ரிப்பேரா?"

கண்ணில் தூசி என்று சொல்லியிருக்கலாம். இன்ஜின் சூடு என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக இப்படித்தான் ஏதாவது சொல்லிவந்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்கு இடது கண்ணு இல்ல. மேகம் மூடினா தூரம் தெரியல" என்றான் சகாதேவன்.

சடையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "தெரியலன்னு தெரிஞ்சி நிறுத்தினீங்களே, அதுவரைக்கும் நல்லது. இந்தக் கட்டையைப் புடிங்க, ஆணியை அடிச்சிடறேன்" என்றான்.

சகாதேவன் கட்டையைப் பிடித்துக்கொண்டான். அந்நியன் ஒருவனிடம் அதைச் சொல்லிவிட்டு, தான் கீழே விழாமல் நின்றுகொண்டிருப்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

7

வேனைச் சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கிப் பூட்டினார்கள். கஸ்தூரி வழி சொல்ல, அவன் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். பிறகு இருவரும் சடையனின் வண்டியில் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள். பின்னால் பார்த்து உட்கார்ந்ததால் மலை எதிரில் இருந்தது. வண்டி நகர நகர மலை வெளுத்துக்கொண்டே போனது.

"அந்தப் பனைக்கும் மலைக்கும் நடுவுல ஒரு ஏரி இருக்குது. தண்ணி தெரியல, ஆனா மேல மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்குது பாரு" என்றான் அவன்.

கஸ்தூரி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஒன்றை மூடிக்கொண்டும் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

"ஏரி இல்ல, நீங்க கதை வுடறீங்க."

வண்டியை ஓட்டிக்கொண்டே சடையன் திரும்பாமல் சொன்னான்: "இருக்குதும்மா. சித்தேரி."

8

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில் பெரும்பகுதி எனக்குத் தெரியும். லோடு வேலை முழுவதும் முருகையனிடம் போனது. சகாதேவன் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் மண்டிக்கு மல்லாட்டை பேசி வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டான். பேச்சு அவனுக்கு நன்றாக வந்தது. கறுப்புக் கண்ணாடியை யாருக்கோ கொடுத்துவிட்டான். கஸ்தூரியின் பள்ளிக்கூடக் கண்காட்சியில் அவன் படம் ஒன்று மாட்டப்பட்டது. தலைமையாசிரியை அதைக் கஸ்தூரி வரைந்தது என்று நினைத்துப் பாராட்டியதில் இரண்டு நாள் வீட்டில் சண்டை.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலையில் புளியமரத்தடியிலிருந்து வேனை ஊருக்குக் கொண்டுவந்தது யார்?

முருகையனைக் கேட்டேன். "நான்தான் சார், வேற யாரு?" என்றான். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது.

சகாதேவனைக் கேட்டேன். "அன்னிக்குக் காலையில வெயில் ரொம்ப நல்லா இருந்துச்சி சார்" என்றான்.

கஸ்தூரியைக் கேட்டேன். "எழுதறவர் நீங்க. ஓட்டறவங்களை நீங்களே ஒக்கார வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

இரண்டு விதமாகவும் எழுதினேன். முருகையன் ஓட்டிவந்த முடிவில் சகாதேவன் அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வருகிறான். அந்த மௌனத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. சகாதேவன் ஓட்டிவந்த முடிவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சாலையோரம் நடக்கிறார்கள். அதையும் பொறுக்க முடியவில்லை. இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் வாருங்கள். காலை நேரம். மேகம் இல்லை. வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக வருகிறது, மரத்தின் நிழல் வேனின் மேல் கறுப்பாக விழுந்திருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த பஸ் நின்று, முருகையனும் சகாதேவனும் கஸ்தூரியும் இறங்குகிறார்கள். சாவி கஸ்தூரியின் கையில் இருக்கிறது. ஆண்கள் இருவரும் அவளையே பார்க்கிறார்கள். அவள் உங்களைப் பார்க்கிறாள்.